சீக்குக் கோழி: முதல் நாளில் எதை முதலில் செய்வது?

காலையில் கூண்டைத் திறந்ததும் எல்லாக் கோழியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வெளியே வரும். ஒன்று மட்டும் வராது. மூலையில் இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்தபடி நிற்கும். வீட்டுப் பின்புறத்தில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தவர்கள் இந்தக் காட்சியைச் சீக்கிரமே பார்த்துவிடுவார்கள். அந்தக் காலையில் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பலரும் மருந்தில் ஆரம்பிக்கிறார்கள். என் அனுபவத்தில் மருந்து நாலாவதோ ஐந்தாவதோ வர வேண்டியது.

கோழி தன் சீக்கை மறைக்கும். சோர்ந்து தெரிந்தால் கூட்டத்தில் உள்ளவையே கொத்தும், பருந்தும் நாயும் அதைத்தான் குறிவைக்கும். அதனால் கால் தாங்குகிற வரை மற்றதோடு சேர்ந்து இரை பொறுக்குவதுபோலவே திரியும். ‘இன்று காலைதான் சுணங்கியது’ என்று நமக்குத் தோன்றுகிற கோழி இரண்டு மூன்று நாளாகவே உள்ளுக்குள் நலிந்துகொண்டிருந்திருக்கலாம். சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

முதல் வேலை: தனியே பிரிப்பது

அந்தக் கோழியைத் தூக்கிக் கூட்டத்தை விட்டு அப்பால் கொண்டுபோங்கள். கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை இருந்தால் நல்லது. இல்லையென்றால் காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோ பழைய பிளாஸ்டிக் கூடையோ போதும். அடியில் செய்தித்தாள் விரியுங்கள். உமி, வைக்கோல் இப்போதைக்கு வேண்டாம், எச்சத்தின் நிறம் தெரியாமல் போய்விடும். அடுத்த சில மணி நேரத்துக்கு உங்களுக்கு அதிகம் சொல்லப்போவது அந்த எச்சம்தான்.

தண்ணீர்க் கிண்ணமும் தீனித்தட்டும் அதற்கென்று தனியாக இருக்கட்டும். தினமும் நல்ல கோழிகளின் வேலையை முடித்துவிட்டு, கடைசியாகச் சீக்குக் கோழியிடம் போங்கள். திரும்பும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிச் செருப்பையும் மாற்றுங்கள். கிருமி கோழிக்குக் கோழி நேராகப் போவது ஒரு வழி, நம் கையிலும் செருப்பிலும் ஏறிப் போவது இன்னொரு வழி. வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோயின் கிருமி நம் கண்ணில் பட்டால் சில நாள் கண் சிவந்து நீர் வடியும். தானாகவே சரியாகிவிடும் என்றாலும் கோழியைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்.

சீக்குதானா என்று பாருங்கள்

அடைக்கு உட்கார்ந்த பெட்டையைச் சீக்கு என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அடைக்கோழி ஒரே இடத்தில் கிடக்கும், இறகைச் சிலிர்க்கும், கொண்டை கொஞ்சம் வெளுக்கும், இரை குறையும். எல்லாமே சீக்கு மாதிரிதான் தெரியும். கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அடைக்கோழி உடம்பை விரித்து உறுமும், வெடுக்கென்று கொத்த வரும். சீக்குக் கோழிக்கு அந்த ரோஷம் இருக்காது, தூக்கினால் பேசாமல் வரும்.

வருடத்துக்கு ஒருமுறை பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடும்போது கோழி பார்க்கவே பாவமாக இருக்கும், முட்டையும் நின்றுபோகும். சுறுசுறுப்பாக இரை எடுத்தால் கவலைப்பட வேண்டாம். சித்திரை, வைகாசி நடுப்பகலில் வாயைத் திறந்து, இறக்கையை அகட்டி மூச்சு வாங்கினால் அது வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாய் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கிடைத்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் மூச்சில் கொர் கொர் என்று சத்தம் வந்தாலோ, கழுத்தை நீட்டி நீட்டி இழுத்தாலோ வெயில் மேல் பழி போடாதீர்கள்.

எச்சத்தைப் பார்த்துப் பயப்படுவது இன்னொன்று. நல்ல கோழியின் எச்சத்திலேயே மேலே வெள்ளையாக ஒரு தொப்பி இருக்கும். அது அதன் சிறுநீர். நாளில் சில தடவை பழுப்பாக, பசை மாதிரி, நாற்றத்தோடு போவதும் வழக்கமானதுதான். வெள்ளையைக் கண்டதும் வெள்ளைக்கழிச்சல் என்று முடிவுகட்ட வேண்டாம்.

கையில் எடுத்துத் தலையிலிருந்து கால் வரை

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். இரைப்பையில் தேங்கிய நீர் வாய்க்கு வந்து மூச்சை அடைத்துவிடும். இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் கோழியும் அமைதியாக இருக்கும்.

கொண்டையையும் தாடியையும் பாருங்கள். சிவப்பாக இருந்தது வெளுத்திருக்கிறதா, நீலம் பாரித்திருக்கிறதா, மரு மாதிரிப் பொருக்கு இருக்கிறதா? கண்ணோரத்தில் நுரை, முகத்தில் வீக்கம், மூக்கில் சளி உண்டா? அலகை மெல்லத் திறந்து உள்ளே மஞ்சளாக ஏதும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கழுத்தடியில் இரைப்பை. விடியற்காலையில், இரை போடும் முன்னால், அது காலியாக இருக்க வேண்டும். ராத்திரி முழுக்கச் செரித்தும் கல் மாதிரிக் கெட்டியாக இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பை மாதிரித் தளும்பி, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே இரை கெட்டுப்போயிருக்கிறது.

நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை இல்லாமல் கத்தி மாதிரிக் கையில் படுகிறதென்றால் இந்தச் சீக்கு நேற்று வந்ததல்ல, பல வாரமாக உடம்பு உருகியிருக்கிறது. குடற்புழுவை முதலில் சந்தேகிக்கலாம். ஆசனவாயைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் இறகை ஊதிப் பிரித்துப் பார்த்தால் பேன் ஓடுவது தெரியும். இறகின் அடிக்காம்பில் ஈரு கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். ராத்திரி மட்டும் வந்து ரத்தம் குடிக்கும் பூச்சிகள் பகலில் கூண்டுப் பலகையின் இடுக்கில் ஒளிந்திருக்கும். இருட்டிய பிறகு டார்ச் அடித்து இடுக்குகளையும் பாருங்கள். கடைசியாக உள்ளங்காலில் கறுப்பு ஆணியோ வீக்கமோ உண்டா என்று பாருங்கள்.

உடம்பு சுடுகிறதே என்று பதறாதீர்கள். கோழியின் இயல்பான சூடே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நமக்குக் கடும் காய்ச்சலாக இருப்பது அதற்குச் சாதாரணம். நாம் போடும் காய்ச்சல் மாத்திரையை அதற்குக் கரைத்துக் கொடுக்க வேண்டாம்.

சூடும் தண்ணீரும்

எந்தச் சீக்கானாலும் இந்த இரண்டும் பொருந்தும். மழைநாளிலும் பனிக்காலத்திலும் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடு கொடுங்கள், வேண்டாமென்றால் கோழி தானே மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு போதும். இப்போது வீடுகளில் இருக்கிற எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். கோடையில் இது எதுவும் வேண்டாம், நல்ல நிழல் போதும்.

சீக்குக் கோழி முதலில் இரையை விடும், பிறகு தண்ணீரையும் விடும். கழிச்சல் போகிற கோழி உடம்பு வற்றியே செத்துப்போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து வையுங்கள், தினமும் புதிதாக. உடனே கிடைக்காவிட்டால் வெல்லம் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு.

குடிக்காத கோழிக்குக் குடிக்கவைப்பதில்தான் கவனம் வேண்டும். என் முதல் வருடத்தில் ஒரு செவலைப் பெட்டைக்குச் சளி. பூண்டும் மிளகும் இடித்த சாறை அலகைப் பிளந்து, பாலாடையால் தொண்டைக்குள் ஊற்றினேன். இரண்டு தடவை தலையை உதறியது. கையிலேயே உயிர் போய்விட்டது. சளியால் அது சாகவில்லை, நான் ஊற்றியதுதான் மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்தது. கோழியின் வாயைத் திறந்து பாருங்கள், நாக்குக்குப் பின்னால், அது தொடங்கும் இடத்தில் ஒரு சிறு துளை திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். நாம் ஊற்றுகிற எதுவும் நேராக அங்கே போக வாய்ப்பு அதிகம்.

அதனால் ஊற்றாதீர்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அதுவே நாக்கை அசைத்து விழுங்கும். விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த சொட்டு. பொறுமை வேண்டும், பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. தலையைத் தூக்கக்கூட முடியாத கோழிக்கு இப்படியும் கொடுக்கக் கூடாது, மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இரையை முதல் நாள் திணிக்க வேண்டாம். தண்ணீர் குடிக்க ஆரம்பித்த பிறகு குழைந்த சோறு, மசித்த வேகவைத்த முட்டை, கெட்டியான கம்பங்கூழ் ஏதாவது கொஞ்சமாக வையுங்கள். இரைப்பை அடைத்திருந்தால் மட்டும் இரை எதுவும் கூடாது.

என்ன சீக்காக இருக்கும்?

வெள்ளைக்கழிச்சலை முதலில் சொல்ல வேண்டும், கூண்டையே காலியாக்குவது அதுதான். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்தில் கண்டறியப்பட்ட இந்த நோய், அடுத்த சில வருடத்துக்குள் இன்றைய உத்தராகண்ட் மலைகளில் இருக்கும் ராணிக்கேத்திலும் பதிவானது. அதனால் நம் ஊரில் ராணிக்கேத் நோய் என்று பெயர். தடுப்பு மருந்துப் பெட்டியில் ‘ஆர்.டி.’ என்று போட்டிருப்பது இதைத்தான். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைப் பிளந்து மூச்சிழுக்கும், பிழைத்து நிற்கிறவற்றுக்கும் கழுத்து முறுக்கிக்கொள்ளும் அல்லது கால், இறக்கை இழுத்துக்கொள்ளும். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கோழி இப்படி விழுந்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இது வைரஸ். இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. கீழாநெல்லி, சீரகம், மஞ்சள், பூண்டு அரைத்துக் கொடுப்பது கிராமத்தில் வழக்கம். இரையோடு கலந்து தானே தின்றால் கொடுங்கள், ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

ரத்தக்கழிச்சல் பெரும்பாலும் குஞ்சுகளை, அதுவும் இரண்டு மாதத்துக்கு உட்பட்டவற்றைத் தாக்கும். தரை ஈரமாக இருந்தால் ஓரிரு நாளில் எச்சத்தில் இருக்கிற கிருமி தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் உமியைக் கிளறிக் காயவைப்பது பெரிய வேலை. இதற்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்து இருக்கிறது, மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து கொடுப்பது. கடையில் அதோடு சேர்த்து ‘தெம்புக்கு’ என்று பி-காம்ப்ளக்ஸ் டானிக்கும் தருவார்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் கொடுக்க வேண்டாம். அந்த மருந்து வேலை செய்வதே பி1 வைட்டமின் கிருமிக்குக் கிடைக்காமல் தடுத்துத்தான். டானிக் அதைக் கெடுத்துவிடும். மருந்து முடிந்த பிறகு கொடுக்கலாம்.

அம்மையைக் கொசு பரப்பும். கொண்டை, கண்ணோரம், அலகோரத்தில் பொருக்குக் கட்டும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவுவது புண் ஆறும்வரை ஈயை அண்டவிடாது. தோலோடு நிற்கிற அம்மை மூன்று நாலு வாரத்தில் தானே உதிரும். இதில் கோழி சாவது பெரும்பாலும் வேறு காரணத்தால்: பொருக்குக் கண்ணை மூடிவிடும், இரை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் பட்டினி கிடக்கும். தினமும் இரண்டு தடவை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்து, அலகைத் தீனித்தட்டில் தொட்டுக் காட்டுங்கள். வாய்க்குள் வந்த அம்மை வேறு கதை, அதற்கு மருத்துவர் வேண்டும்.

முகம் வீங்கி, மூக்கில் கெட்ட வாடையோடு சளி வடிந்தால் அது பாக்டீரியாச் சளியாக இருக்கக்கூடும், மருந்து உண்டு. ஆனால் தேறிய பிறகும் சில கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெட்டை வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு மூழ்கும்படி 15, 20 நிமிடம் உட்காரவைத்து, துடைத்து, ஆசனவாயில் துளி எண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் விடுங்கள். வயிற்றை அழுத்தி முட்டையை உடைத்துவிடாதீர்கள், ஓடு உள்ளே கிழித்துவிடும். அன்றைக்குள் வராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். கிளிஞ்சல் தூள் தினமும் ஒரு தட்டில் கிடந்தால் இந்தத் தொல்லை குறையும்.

எந்த அறிகுறியும் இல்லாமல் பல கோழிகள் ஒரே நாளில் சாவது, தலை வீங்கிக் கொண்டை நீலம் பாரிப்பது, பக்கத்தில் காகங்களும் விழுவது: இவை பறவைக்காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம். இந்தியாவில் அது முதலில் 2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. மனிதருக்கும் ஆபத்து. தொடாதீர்கள், அறுக்காதீர்கள், கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

‘ஒரு கோழிக்கா டாக்டர்?’ என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். தயங்க வேண்டாம். அந்த ஒன்றைப் பார்த்தால்தான் மீதி ஒன்பதுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். அரசு கால்நடை மருந்தகத்தில் கோழியையும் பார்ப்பார்கள். 1962 கால்நடை மருத்துவ உதவிக்கான கட்டணமில்லா எண். கோழியின் வயது, எத்தனை கோழிக்கு இப்படி, கடைசியாக எப்போது தடுப்பூசி, சமீபத்தில் புதுக் கோழியோ புதுத் தீவனமோ வந்ததா, இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். தாளில் விழுந்த எச்சத்தைப் படம் எடுத்துக் காட்டுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கிற நம் ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். வைரஸ் சீக்குக்கு அது எதுவும் செய்யாது. மருத்துவர் மருந்து கொடுத்தால் அவர் சொன்ன அத்தனை நாளும் கொடுங்கள், எத்தனை நாள் வரை முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறந்துபோனால்

காரணம் தெரியாமல் இறந்த முதல் கோழியைப் புதைக்கும் முன் ஒரு போன் செய்யுங்கள். மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, உடலை அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்துச் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும், உறையவைக்கக் கூடாது. அது முடியாவிட்டால் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி மூன்றடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வேலிப் பக்கமும் ஏரிக்கரையிலும் வீசினால் நாயும் காகமும் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். கூண்டில் சீக்கு நுழைந்ததும் ‘இருக்கிறதையாவது காசாக்குவோம்’ என்று மீதிக் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். அவை பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கிருமி இருக்கும். வாங்கிப்போகிறவரும் நம்மைப்போல ஆசையாக நாலு கோழி வளர்க்கிறவர்தான். அவர் வீட்டுக் கூண்டும் காலியாகும். சீக்கு நின்று சில வாரமாவது ஆகும்வரை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

மீதிக் கோழிகளும் தடுப்பூசியும்

கூண்டைச் சுரண்டி, கழுவி, வெயிலில் காயவிட்டு, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளியுங்கள். அழுக்கின் மேல் தெளிக்கிற மருந்து வீண். சுவரிலும் பலகை இடுக்கிலும் சுண்ணாம்பு அடியுங்கள்.

தடுப்பூசி ஆரோக்கியமான கோழிக்கு மட்டும்தான். வெள்ளைக்கழிச்சலுக்கு, குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வார வாக்கில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, 8 வாரம் தாண்டியதும் இறக்கை அடியில் ஊசி. தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை கோடைக்கு முன்பாக, பிப்ரவரி வாக்கில், வெள்ளைக்கழிச்சலுக்கு இலவச முகாம் நடத்துவது வழக்கம். பஞ்சாயத்தில் தேதியைக் கேட்டு, அன்று காலை கோழியை மேய விடாமல் அடைத்து வையுங்கள், இல்லையென்றால் பிடிக்க முடியாது. மருந்தைக் கடையில் வாங்கினால் ஐஸ் வைத்த டப்பாவில்தான் கொண்டுவர வேண்டும். கரைத்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயிலில் பையில் வைத்துக் கொண்டுவந்த மருந்தைப் போட்டுவிட்டு, ‘தடுப்பூசி போட்டும் செத்துப்போச்சு’ என்பவர்கள் நிறையப் பேர். புதிதாக வாங்கும் கோழியை மூன்று நாலு வாரம் தனியாக வைத்திருந்து பிறகுதான் கூட்டத்தில் விடவேண்டும்.

தேறிய கோழியைத் திரும்பச் சேர்ப்பது

நன்றாக இரை எடுத்து, எச்சம் கெட்டியாகி, கொண்டை சிவந்த பிறகும் இரண்டு வாரம் பொறுங்கள். நேராகக் கூட்டத்தில் விட்டால் அந்நியக் கோழி வந்ததுபோல மற்றவை கொத்தித் துரத்தும், இளைத்த உடம்பு அதைத் தாங்காது. அந்த இரண்டு வாரம் முடிந்ததும் பஞ்சாரத்தைக் கூட்டம் மேயும் இடத்தில் கவிழ்த்து, இரண்டு மூன்று நாள் அதற்குள்ளேயே இரை போடுங்கள். ஒன்றையொன்று பார்த்துப் பழகிக்கொள்ளும். மூன்றாம் நாள் இருட்டியதும், எல்லாம் அடைந்து தூங்குகிற நேரமாகப் பார்த்து, தூக்கிக்கொண்டுபோய் நடுவே வைத்துவிடுங்கள். விடியும் முன் நீங்கள் எழுந்து, இரையை ஒரே இடத்தில் குவிக்காமல் வாசல் முழுக்கச் சிதறி இறைத்துவிட்டுக் கதவைத் திறங்கள்.